இடப்பக்கம் நின்ற மனிதர்

பான் தேயுவானுக்கு ஊரார் வைத்த பெயர் 'கிராம் பான்'. முதுகுக்குப் பின்னால் அல்ல, முகத்துக்கு நேரேயே அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவர் கோபித்துக்கொண்டதில்லை. உள்ளுக்குள் பெருமைகூட. எதைக் கையில் எடுத்தாலும் அதன் எடையைச் சொல்லிவிடுவார். ஐந்து கிராம் முன்னே பின்னே இருக்குமே தவிர, பெரிதாகத் தப்பாது.

தாய்ஹூ ஏரியின் தென்கரையிலுள்ள அந்த ஊரில் இரண்டு கொட்டகைக்கு ஒன்றில் லிஃப்டுக்கோ எஸ்கலேட்டருக்கோ ஏதாவது ஓர் உறுப்பு தயாராகும். ஒருவன் கைப்பிடி ரப்பர் செய்வான், ஒருவன் சங்கிலி, ஒருவன் பொத்தான். சியென் என்பவரின் தொழிற்சாலையில் படி. எஸ்கலேட்டரில் நாம் கால் வைக்கிறோமே, அந்தப் படி. அலுமினியத்தை உருக்கி, கண் இமைக்கும் நேரத்தில் அச்சுக்குள் அழுத்திச் செலுத்தி, முழுப் படியையும் ஒரே வார்ப்பாக எடுப்பார்கள். மேல்பக்கத்துக் கோடுகளைத்தான் உலகம் பார்க்கிறது. கவிழ்த்துப் போட்டுப் பார்த்தால் அடியில் குறுக்கும் நெடுக்குமாகப் பட்டைகள் ஓடும். அங்கே அதற்கு நரம்பு என்று பெயர். ஓரத்துக்கு ஒன்றாக இரண்டு கால்கள் இருக்கும், அந்தக் கால்களில்தான் சக்கரம் மாட்டுவார்கள். எந்த நரம்பை எவ்வளவு மெலிதாக்கலாம், எந்த இடத்தில் உலோகத்தைச் சுரண்டினாலும் படி தாங்கும் என்று கண்டுபிடிப்பதுதான் பானின் வேலை. படி இலேசானால் அலுமினியம் மிச்சம், மோட்டாருக்கும் பாரம் குறைவு. மற்றவர்களைவிட மலிவாக விற்கலாம்.

மதியச் சாப்பாட்டு வரிசையில் அவரைச் சீண்டாமல் யாருக்கும் சோறு இறங்காது.

"பான் அண்ணே, இந்தப் பன்னு எத்தனை கிராம்?"

அவர் பன்னை வாங்கி உள்ளங்கையில் வைத்து ஒருமுறை ஆட்டிப் பார்ப்பார். "எழுபத்தெட்டு. போன வாரம் எண்பத்தஞ்சு இருந்துச்சு. சமையல்காரன் நம்ம தொழிலைக் கத்துக்கிட்டான் போல."

கொல்லென்று சிரிப்பார்கள். சமையல்காரன் கரண்டியை ஓங்குவான். வீட்டிலும் இதே கதைதான். மனைவி யாச்சின் பட்டு மெத்தைக் கடையில் வேலை பார்த்தவள், வாய்த் துடுக்கு கொஞ்சம் அதிகம். "நாற்காலிக் காலையும் சீவிடாதய்யா, நான் உக்காரணும்" என்பாள்.

சியெனிடம் அவர் வந்து சேர்ந்ததே ஒரு கெட்ட காலத்தில். முப்பத்தேழு வயது வரை அரசாங்கப் பம்பு ஆலையில் வரைபடம் போட்டவர். திடீரென்று ஒரு நாள் ஆலையை மூடினார்கள். பதினேழு வருட உழைப்புக்கு ஒரு சான்றிதழும் இரண்டு டின் சமையல் எண்ணெயும் கொடுத்துக் கைகழுவிவிட்டார்கள். எட்டு மாதம் பாலத்தடியில் காலுறை விற்றார். பழைய ஆலைக்காரர்கள் யாராவது அந்தப் பக்கம் வந்தால் குனிந்துகொள்வார். அப்போதுதான் சியென் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். அன்றைக்கு அவரிடம் இருந்தது இரண்டே இயந்திரம்.

"நீங்க படம் போடுவீங்களாமே. படி ஒண்ணு பன்னெண்டு கிலோ இருக்கு. பெரிய கம்பெனிக்காரன் விலைக்கு என்னால விக்க முடியாது. எடையைக் குறைச்சுத் தருவீங்களா அண்ணே?"

பான் காலுறை மூட்டையை அங்கேயே கட்டினார். அந்த நன்றி அவருக்குக் கடைசிவரை இருந்தது. நன்றி நல்ல குணம்தான், யார் இல்லை என்றார்கள்? ஆனால் அதற்கும் ஓர் அளவு வேண்டும்.

பதினைந்து வருடத்தில் பன்னிரண்டு கிலோவை ஒன்பது கிலோ எண்ணூறுக்குக் கொண்டுவந்தார். சும்மா இல்லை. மெலிதாக்க மெலிதாக்க, உருகிய அலுமினியம் அச்சின் மூலைக்குப் போய்ச் சேருமுன்பே உறைந்துவிடும். ஒரு நரம்பை அரை மில்லிமீட்டர் குறைக்க ஆறு மாதம் மல்லுக்கட்டுவார். அப்புறம், ஐம்பத்திரண்டாவது வயதில், தன் வாழ்நாளின் நல்ல வரைபடம் என்று அவரே நம்பியதைப் போட்டார். ஓரத்துக் கால்கள் இரண்டிலும் சதையைக் குறைத்து, நடுவே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஜன்னல் திறந்தார். முந்நூற்றைம்பது கிராம் குறைந்தது. அவ்வளவையும் ஒரே தடவையில் குறைத்தவர் அந்த வட்டாரத்திலேயே கிடையாது.

அந்தப் படி சோதனையில் தேற வேண்டும். சோதனை என்றால், படியின் நட்ட நடுவில் ஓர் இரும்புத் தட்டை வைத்து, முந்நூறு கிலோ பாரத்தில் ஐம்பது லட்சம் தடவை அழுத்துவார்கள். உலகம் முழுக்க அதுதான் விதி. கிட்டத்தட்ட ஆறு நாள் அது டக டக டக என்று ஓடும். பான் தேநீர்க் குடுவையைக் கையில் பிடித்துக்கொண்டு பிரசவ அறைக்கு வெளியே நிற்பவர் மாதிரி அங்கேயே சுற்றிவந்தார். ஆறாம் நாள் படியை இறக்கி, சிவப்புச் சாயம் பூசித் துடைத்துப் பார்த்தார்கள். விரிசல் இருந்தால் சாயம் உள்ளே இறங்கிக் கோடாகத் தெரியும். ஒரு கோடுகூட இல்லை.

சியென் ஏரி நண்டும் சூடான அரிசி மதுவும் வாங்கி விருந்து வைத்தார். "அண்ணே கிராமைக் குறைக்கறாரு, நான் கிலோக் கணக்குல பெருத்துக்கிட்டே போறேன்" என்று தன் தொந்தியைத் தட்டிக்காட்டினார். பான் அன்றைக்கு மூன்று கிண்ணம் குடித்தார். வழக்கமாக ஒன்றுக்கு மேல் தொடமாட்டார். ஏரிக்கு அப்பாலிருக்கும் பெருநகரத்தின் புது மெட்ரோ பாதைக்கு இருபத்திரண்டு எஸ்கலேட்டர்கள், கிட்டத்தட்ட மூவாயிரம் படிகள், எல்லாம் அந்த வார்ப்பில்தான் போயின.

நான்கு வருடம் கழித்து மெட்ரோவிலிருந்து ஏழு படிகள் திரும்பி வந்தன. 'ஓடும்போது டக் டக்கென்று சத்தம்' என்று ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. சத்தம் என்றால் வழக்கமாகச் சக்கரத்தில்தான் கோளாறு இருக்கும். பான் ஏதோ தோன்றி, படியைக் கவிழ்த்துச் சாயம் பூசித் துடைத்தார். வலது காலில், ஜன்னலின் மூலையில், தலைமுடி கனத்துக்கு ஒரு சிவப்புக் கோடு. அடுத்த படியிலும் அதே இடம். ஏழிலும் வலது கால். இடது கால் ஒன்றில்கூட எதுவும் இல்லை.

வார்ப்பில் கோளாறாக இருக்க வேண்டும், வலது பக்கம் உலோகம் ஆறிப்போய் உள்ளே காற்றுக்குமிழி விழுந்திருக்க வேண்டும் என்று தன்னையே தேற்றிக்கொண்டார். இரண்டு காலையும் அறுத்து, மெருகேற்றி, உருப்பெருக்கியில் வைத்து மூன்று நாள் பார்த்தார். இரண்டும் ஒரே மாதிரி, குறை சொல்ல முடியாத வார்ப்பு.

"அலுமினியத்துக்கு வலது இடது தெரியுமா அண்ணே?" என்று அறுத்துக் கொடுத்த தொழிலாளி சிரித்தான். பான் சிரிக்கவில்லை. அடுத்த திங்கட்கிழமை காலையில் பெருநகரத்துக்குப் பஸ் ஏறினார்.

இதைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். பத்தொன்பது வருடம் எஸ்கலேட்டர் படி செய்த மனிதர், அலுவலக நேரத்தில் ஒரு மெட்ரோ எஸ்கலேட்டரில் ஏறியதே இல்லை. வீட்டிலிருந்து தொழிற்சாலைக்குப் போவது மின்சார ஸ்கூட்டரில். ஊரில் இருந்ததே ஒரே ஒரு எஸ்கலேட்டர், பல்பொருள் அங்காடியில். அதில் அரிசி மூட்டையும் பிள்ளையுமாக அவரவர் இஷ்டத்துக்கு நிற்பார்கள். ஒருவர் இடது, ஒருவர் வலது, ஒருவர் நடுவில் குத்தவைத்தே உட்கார்ந்திருப்பார்.

அன்று காலை அவர் அந்த நகரத்தின் ஆழமான நிலையத்தில், நீளமான எஸ்கலேட்டரின் அடியில் நின்று மேலே பார்த்தார். வலது பக்கம் ஒரே வரிசை, இடைவெளியே இல்லாமல், படிக்கு ஒருவர். இடது பக்கம் காலி. எப்போதாவது ஒருவன் பையை அணைத்துக்கொண்டு தடதடவென்று ஓடி ஏறுவான், அவ்வளவுதான். நடுவில் ஒரு ஜீவன் இல்லை.

பெருநகரத்துக்காரர்களுக்கு அது ஒரு நாகரிகம். பல வருடம் முன்பு பெரிய விளையாட்டு விழா ஒன்று நடந்தபோது, கையில் சிவப்புப் பட்டை கட்டிய தொண்டர்கள் நிலையத்துக்கு நிலையம் நின்று சொல்லிக்கொடுத்தார்கள், 'வலது பக்கம் நில்லுங்கள், அவசரக்காரருக்கு இடது பக்கம் விடுங்கள்' என்று. ஜனங்கள் அதை நெஞ்சில் எழுதிவைத்துக்கொண்டார்கள். இடது பக்கம் நிற்பவன் பட்டிக்காட்டான். சோதனை இயந்திரமோ நட்ட நடுவில் அழுத்தியது. பழைய பன்னிரண்டு கிலோப் படிக்கு இந்த ஓரப் பாரமெல்லாம் ஒரு பொருட்டே இல்லை, அதன் கால்களில் வேண்டிய மட்டும் கொழுப்பு இருந்தது. அந்தக் கொழுப்பைத்தான் பான் சீவி எடுத்திருந்தார். நான்கு வருடமாகக் கோடிக்கணக்கான மரியாதைக்காரர்கள் அந்த ஒரே காலின் மேல் நின்றிருக்கிறார்கள். ஒரு நாள் அது முறியும். படி வலது பக்கம் சாயும். சாய்ந்த இடுக்கில் யாருடைய பாதமாவது போகும்.

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். யாரோ ஒரு பெண் மிட்டாய் கொடுத்து, "சர்க்கரை இறங்கிடுச்சா தாத்தா?" என்று கேட்டாள்.

ஊர் திரும்பி அவர் சொன்னதைச் சியென் பொறுமையாகத்தான் கேட்டார். கேட்டுவிட்டு ஜன்னல் கதவைச் சாத்தினார்.

"அண்ணே, சோதனையில தேறுச்சா இல்லையா?"

"தேறுச்சு."

"விதியில ஓரத்துல அழுத்திப் பாருன்னு எங்கயாவது எழுதியிருக்கா?"

"இல்ல. ஆனா ஜனங்க ஓரத்துலதானே நிக்கறாங்க முதலாளி. மெட்ரோக்காரங்ககிட்ட இன்னைக்கே சொல்லி எல்லாத்தையும் நிறுத்தணும்."

"நிறுத்துனா நாளைக்கு நம்ம படியை எவன் வாங்குவான்? இருநூத்தி எண்பது குடும்பம் அண்ணே. என் தலையில கல்லைத் தூக்கிப் போடாதீங்க." பிறகு குரலைத் தாழ்த்தினார். "நான் மாத்த மாட்டேன்னு சொல்லல. காலைக் கனமாக்கி வேற படம் போடுங்க. வருடாந்தரப் பராமரிப்புன்னு சொல்லி மாசம் ஒண்ணு ரெண்டுன்னு சத்தமில்லாம மாத்திடலாம். பதினெட்டு மாசம். அதுவரைக்கும் வாயைத் திறக்காதீங்க."

"பதினெட்டு மாசம் தாங்குமான்னு தெரியலையே."

"தாங்கும். நாலு வருஷம் தாங்கலையா? இன்னொண்ணும் சொல்லிடறேன். அந்த வரைபடத்துல மொதக் கையெழுத்து யாரோடது?"

மொதக் கையெழுத்து பானுடையது. இருநூற்றி எண்பது குடும்பம்தான் தன் வாயைக் கட்டிப்போட்டது என்று பின்னால் பலபேரிடம் சொன்னார். முழு உண்மை அதுவல்ல. தன் வாழ்நாளின் நல்ல படம் தப்பான படம் என்று நாலு பேர் சொல்லிக் கேட்க அவருக்குத் தெம்பில்லை. மறுபடியும் பாலத்தடியில் குனிந்து நிற்பது போல் அவருக்கு இருந்தது.

புதுப் படம் போட்டார். ஜன்னலை மூடி, ஐந்நூறு கிராமைத் திரும்பச் சேர்த்தார். மாற்றும் வேலை ஆரம்பித்தது. அந்த நிலையத்து நீளமான எஸ்கலேட்டர் மட்டும் பட்டியலில் கடைசிக்குப் போனது. கூட்டம் அதிகமான இடம், அதை நிறுத்த ஏகப்பட்ட அனுமதி வேண்டும் என்றார்கள். அதை மாற்றி முடிக்கும்வரை யார் காலும் போய்விடக் கூடாது. பானுக்கு அதன்பிறகு வேறு நினைப்பே இல்லை. பன்னின் எடையைக் கேட்டால்கூடத் தெரியாது என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் அவர் அங்கே போக ஆரம்பித்தார். கீழிருந்து ஏறி, இடது பக்கம் அசையாமல் நிற்பார். மேலே போனதும் பக்கத்துப் படிக்கட்டில் இறங்கி வந்து மறுபடி ஏறுவார். காலை ஒன்பதிலிருந்து மாலை வரை. ஒரு மனிதனின் ஐம்பத்தெட்டுக் கிலோ இடது பக்கம் போனதால் ஒன்றும் ஆகப்போவதில்லை என்று அவருக்குத் தெரியும். ஆனால் அவர் வழியை மறித்தால் பின்னால் ஓடிவருகிறவர்கள் நின்றாக வேண்டும். அப்படி முப்பது நாற்பது பேர் இடது பக்கமும் சேர்ந்துவிடுவார்கள். நடந்து போக முடியாது என்று தெரிந்தால் வலது வரிசையிலிருந்தும் சிலர் இப்பக்கம் மாறுவார்கள்.

ஏச்சுக்குக் குறைவில்லை.

"யோவ் பெரிசு, எந்த ஊரு? வலப்பக்கம் நில்லுய்யா!"

"காதுல விழலையா? ரயில் போயிடும்!"

"தாத்தா, இது மீன் சந்தை இல்ல. கொஞ்சம் நாகரிகம் கத்துக்குங்க."

"மன்னிச்சுக்க தம்பி, முட்டி வலி" என்பார். நகரமாட்டார். ஒருவன் தோளில் இடித்துத் தள்ளிக்கொண்டு போனான். இன்னொருத்தி படம் பிடித்து எதிலோ போட்டாள். அவர் கைப்பிடியை இறுக்கிக்கொண்டு, காலடியில் ஏதாவது சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டியபடி நின்றார்.

நிலையத்தில் வேலை பார்க்கும் ரோங் என்ற பெண் நாலாவது ஞாயிறு அவரைப் பிடித்துக்கொண்டாள். நாற்பத்தைந்து வயது, குள்ளம், சீருடைச் சட்டை ஒரு அளவு பெரியது.

"ஏங்க பெரியவரே, மாசம் முழுக்கப் பாக்கறேன். மேல போறீங்க, கீழ வர்றீங்க. ரயில்ல ஏறுனதே இல்ல. என்ன, வேண்டுதலா?"

"ரெண்டு பக்கமும் ஆள் நின்னா மெஷினுக்கு நல்லதும்மா. தேய்மானம் குறையும்."

"நீங்க மெக்கானிக்கா?"

"அந்த மாதிரி வேலைதான்."

"எங்க மேலதிகாரிங்ககூட இந்த மெஷினைப் பத்தி இவ்வளவு கவலைப்பட்டதில்ல" என்று சிரித்தாள். திட்டுவாள் என்று பயந்திருந்தவருக்கு அந்தச் சிரிப்பு என்னவோ செய்தது. அவளும் மூடிப்போன நூல் ஆலையிலிருந்து வந்தவள். அதைப் பேசிப் பேசியே பழகிவிட்டார்கள். பெரியவர் என்றவள் அண்ணே என்று கூப்பிட ஆரம்பித்தாள். அவருடைய குடுவையில் வெந்நீர் நிரப்பிக் கொடுப்பாள். குளிர்காலம் வந்தபோது, "நீங்க ஒருத்தர் எத்தனை தடவை ஏறி இறங்குவீங்க? என்கிட்ட ஒலிபெருக்கி இருக்கு, நானும் சொல்றேன்" என்று கிளம்பிவிட்டாள். 'இரண்டு பக்கமும் நில்லுங்கள், இயந்திரத்தைக் காப்போம்' என்று தன் குரலையே பதிவுசெய்து ஓடவிட்டாள். மேலதிகாரி ஒருவர், "இதென்ன புதுசா?" என்று கேட்டதற்கு, "தேய்மானம் சார். அனுபவப்பட்ட மெக்கானிக் சொல்லியிருக்காரு" என்று அவர் வாயை அடைத்தாளாம். அதை அவரிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

இரண்டு தடவை அவளிடம் உண்மையைச் சொல்லிவிட வாயெடுத்தார். ஒரு தடவை, சாப்பாட்டு வேளையில் அவள் தன் நூடுல்ஸில் பாதியை அவருக்குப் பகிர்ந்தபோது. இன்னொரு தடவை, எஸ்கலேட்டரின் அடியில் இருவரும் நின்று சத்தத்தைக் கேட்டபோது. "கொஞ்சம் கரகரன்னு இருக்குல்ல அண்ணே?" என்றாள். "எண்ணெய் போடணும்" என்றார். வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருந்தார், பாவி மனிதர்? சொல்லியிருக்கலாமே!

யாச்சினுக்கு விஷயம் தெரிந்தது வேறு விதமாக. ஞாயிறுதோறும் சவரம் செய்துகொண்டு வெளியூர் போகிற புருஷனை எந்தப் பெண் சும்மா விடுவாள்? "யாருய்யா அவ?" என்று கதவை மறித்துக்கொண்டு நின்றாள். அவர் எல்லாவற்றையும் கொட்டினார். கேட்டு முடித்தபோது அவள் முகத்தில் கோபம் இருந்த இடத்தில் பயம் இருந்தது.

"இதுக்கு வேற எவளையாவது வச்சிருந்தாலே தேவலையே. மெட்ரோக்காரன்கிட்டப் போய்ச் சொல்லித் தொலைய வேண்டியதுதானே?"

"சியென் பாவம்டி. நடுத்தெருவுல நின்னப்ப வேலை குடுத்தவரு."

"சியென் பாவமா, இல்ல உன் பேரு பாவமா?"

அவர் காலணியை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

பதினான்காவது மாதம். இருபத்திரண்டில் பத்தொன்பது மாற்றியாயிற்று. இந்த எஸ்கலேட்டருக்கும் தேதி குறித்தாயிற்று, அடுத்த மாதம் ஆறாம் தேதி. பான் சுவர் நாட்காட்டியில் அந்தத் தேதியை வட்டமிட்டு வைத்திருந்தார். அதற்கு ஏறக்குறைய இரண்டு வாரம் முன்பு, நீண்ட விடுமுறைக்கு முந்திய ஞாயிறு. பூக்கண்காட்சிக்குப் போகிற கூட்டம் நிலையம் கொள்ளாமல் வழிந்தது. எல்லாரும் வழக்கம் போல வலது பக்கமே அடைந்துகொண்டார்கள். ரோங் தானே எஸ்கலேட்டரில் ஏறிவிட்டாள். வலது ஓரத்தில், கூட்டத்தைப் பார்த்தபடி பின்பக்கமாகத் திரும்பி நின்று, "இடது பக்கமும் நில்லுங்க, அம்மா நீங்க இப்படி வாங்க, தம்பி நீ அந்தப் பக்கம்" என்று ஒவ்வொருவராக நகர்த்திக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஐந்து படி கீழே, இடது பக்கம், பான்.

சத்தம் பெரிதாக ஒன்றும் இல்லை. காய்ந்த குச்சியை முறித்தது மாதிரி ஒரு சடக். மேல்தளத்துக்கு மூன்று படி இருக்கும்போது ரோங் நின்ற படி வலது பக்கம் உள்வாங்கியது. அவள் கீழே பார்த்துப் பேசிக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை. படி தொய்ந்தால் இயந்திரத்தை நிறுத்தும் சுவிட்ச் சரியாகத்தான் வேலை செய்தது. ஆனால் அது முழுசாக நிற்பதற்குள் படி உச்சியில், படிகள் தரைக்குள் நுழையும் இடத்திலிருக்கும் பல் வைத்த சீப்புத் தட்டில் போய் மோதிவிட்டது. அந்த இடுக்கில் ரோங்கின் பாதம் இருந்தது.

பான் ஆட்களைத் தள்ளிக்கொண்டு ஏறி அவளைத் தாங்கிப் பிடித்தார். அவள் அலறவில்லை, "அண்ணே, அண்ணே" என்று மட்டும் சொன்னாள். தீயணைப்புக்காரர்கள் தட்டைக் கழற்ற நாற்பது நிமிடம் ஆயிற்று. கீழே விழுந்த ஒலிபெருக்கி அவள் குரலில், இரண்டு பக்கமும் நில்லுங்கள், இரண்டு பக்கமும் நில்லுங்கள் என்று சொல்லிக்கொண்டே கிடந்தது. யாருக்கும் அதை அணைக்கத் தோன்றவில்லை.

போலீஸ்காரர் வந்து, "சாட்சி யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டார்.

"இது நான் செஞ்ச படி" என்றார் பான். "பதினாலு மாசமா எனக்குத் தெரியும்."

அன்று மாலையே எழுதிக் கொடுத்தார். எந்தெந்த நிலையம், எந்தெந்தப் படி, எந்த மூலை, எல்லாம். மறுநாள் காலையில் மீதியிருந்த மற்ற இரண்டு எஸ்கலேட்டரையும் நிறுத்தினார்கள். ஐந்தே நாளில் எல்லாப் படியும் கழன்று வந்தது. அடுத்த மாதம் ஆறாம் தேதிக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. விசாரணை வந்தது, சியெனின் ஆர்டர்கள் போயின, பாதிப் பேர் வேலை இழந்தார்கள். சியென் அபராதமும் நஷ்ட ஈடும் கட்டினார். பானுக்கு ஒன்றரை வருடச் சிறை என்று தீர்ப்பாயிற்று. வயதையும் தானாக ஒப்புக்கொண்டதையும் பார்த்துச் சிறைக்கு மட்டும் அனுப்பவில்லை. ஊரில் அவரை யாரும் கிராம் பான் என்று கூப்பிடுவதில்லை. எந்தப் பெயர் சொல்லியும் கூப்பிடுவதில்லை.

தீர்ப்புக்கெல்லாம் முன்பு, விபத்து நடந்த மூன்றாவது வாரம், பாலும் முட்டையும் ஒரு கூடைப் பழமும் வாங்கிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனார். யாச்சினும் கூட வந்தாள். ரோங்கின் போர்வை ஒரு பக்கம் கணுக்காலோடு தட்டையாக முடிந்திருந்தது. அவர் அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்க முயன்றார், முடியவில்லை. யாச்சின் கூடையைக் கீழே வைத்துவிட்டுக் கட்டிலின் கால்மாட்டில் நின்றாள்.

"அண்ணே, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்" என்றாள் ரோங். குரலில் கோபம் இல்லை, களைப்புத்தான். "மொத நாள்லேருந்தே தெரியுமா?"

"தெரியும்மா."

"தேய்மானம்னு சொன்னீங்க."

"ஆமா."

"நானும் அதை நம்பி ஊரையே நகத்திக்கிட்டு இருந்தேன்." கூரையைப் பார்த்தாள். "ஏன்ணே சொல்லல?"

"சொன்னா மட்டும் உன்னால என்ன பண்ண முடியும்னு நெனச்சேன். மேலிடத்துல முடிவு எடுக்கணும், கடிதம் போகணும், கம்பெனி முத்திரை வேணும்..."

"அந்த எஸ்கலேட்டர் சாவி என் இடுப்புல இருந்துச்சுண்ணே."

அவருக்கு முதலில் புரியவில்லை.

"நிறுத்துற சாவி. ஒவ்வொரு நாளும் காலையில நான்தான் ஓட விடுவேன், ராத்திரி நான்தான் நிறுத்துவேன். எதாவது சந்தேகமா இருந்தா நானே நிறுத்திட்டு முன்னால தடுப்பை வச்சிடலாம். யாரையும் கேக்க வேண்டாம். எங்க வேலையே அதுதான். விரிசல் இருக்கு ரோங்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்த நிமிஷமே நிறுத்தியிருப்பேன். அப்புறம் மேலிடம் என்னை என்ன பண்ணியிருந்தாலும் பரவாயில்ல." அவள் கண்ணீர் காதுப் பக்கம் வழிந்தது, துடைக்கவில்லை. "உங்க பக்கத்துலயே ஒரு வருஷமா நின்னேனேண்ணே. பாதி நூடுல்ஸ் குடுத்தேனே."

முதலாளி, மெட்ரோ தலைமையகம், விதி, முத்திரை என்று பதினான்கு மாதம் பெரிய பெரிய கதவுகளையே நினைத்து மருகிய பானுக்கு, பக்கத்தில் வெந்நீர் ஊற்றிக் கொடுத்தவளிடம் இருந்த சாவி கண்ணில் படவே இல்லை. மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருந்தார். உடம்பு குலுங்க, அந்த வார்டில் எல்லாரும் பார்க்க, அழுதார்.

ரோங் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். "மருந்து கட்ட வந்துடுவாங்க. கெளம்புங்க."

"போயிட்டு வரேம்மா" என்றார், எழுந்து நின்று.

"வர வேண்டாம்ணே."

யாச்சின்தான் அவர் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தாள்.